பாண்டிச்சேரிக்கு மட்டும் லீவு

கிரெடிட் கார்டு கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டபோது நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் பதினாறு, வெள்ளிக்கிழமை காலை. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லும்மா" என்றேன்.

"மேடம், உங்க பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் அமௌண்ட்டுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். இன்னும் பேமெண்ட் வரல."

"இன்னைக்கு லீவும்மா. நாளைக்கு பேங்க் தொறந்ததும் கட்டிடறேன்."

"இல்ல மேடம், இன்னைக்கு வொர்க்கிங் டேதான்."

"எங்க ஊர்ல லீவு."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "எந்த ஊர் மேடம்?" என்றாள். பாண்டிச்சேரி என்றேன். "அங்க இன்னைக்கு என்ன மேடம்?" என்றாள்.

என்ன சொல்வது? பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் என்று, கையில் மாவுக் கரண்டியோடு வரலாற்றுப் பாடமா எடுக்க முடியும்? எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட பதினைந்தும் பதினாறும் சேர்ந்தாற்போல லீவு என்று தெரியும். ஆற்றைத் தாண்டினால், சில இடங்களில் ஒரு தெருவைத் தாண்டினாலே, தமிழ்நாடு. அங்கே அது வெறும் பதினாறாம் தேதி. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று மாதமாக ஒரு நாள்கூட அதை யோசிக்கவில்லை.

"மூணு நாள் டைம் குடுப்பாங்கன்னு சொல்வாங்களேம்மா?"

"அது லேட் ஃபீஸுக்கு மேடம். இந்த ஆஃபருக்குக் கிடையாது. இன்னைக்குள்ள முழுத் தொகையும் வரலைன்னா மொத நாள்லேர்ந்து கணக்குப் பண்ணி வட்டி போட்டுடும்."

யார் போடுவார்கள் என்று அவள் சொல்லவில்லை. நான் அடுப்பை அணைத்தேன். திரும்பினால் சமையலறை வாசலில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் கேட்டுவிட்டதுதான் எனக்குப் பயம். வட்டி இரண்டாவது.

அந்த வருடம் மாசி மாதத்தில் எங்கள் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் அவர் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியில், மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருந்ததோ அதற்குத் தூக்கிப் போனார்கள். சம்பளம் கொஞ்சம் உயர்ந்த சந்தோஷத்தில், இலவச வைத்தியம் கிடைக்கும் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து பெயர் போனதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. ஸ்டென்ட் வைக்க வேண்டும், முதலில் பணம் கட்டுங்கள் என்றார்கள். என் கார்டை நீட்டினேன். நான் ஒரு வீட்டு உபயோகப் பொருட்கள் கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கார்டைத் தேய்த்துத் தேய்த்துக் கை பழகியது. என் கார்டை இன்னொருத்தி தேய்க்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ரசீது வரும்வரை மூச்சு விடாமல் இருந்தேன்.

கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்: பில் வந்தால் முழுசாகக் கட்டுங்கள், ஒரு மாதத்துக்கும் மேலே வட்டியில்லாமல் கிடைக்கும், மிச்சம் வைத்தால் தொலைந்தீர்கள் என்று. எனக்கு பில் வந்தபோது முழுசாகக் கட்ட எங்கே போவது? "குறைந்தபட்சத் தொகை" என்று ஒரு கட்டத்தில் போட்டிருக்கும். பார்க்க மிகவும் சின்னதாக, நம்மேல் இரக்கப்பட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அதைக் கட்டினேன். அடுத்த மாதமும் கட்டினேன். கட்டியதெல்லாம் வட்டிக்கே போய்விட்டது, கடன் இருந்த இடத்திலேயே இருந்தது. அது போதாதென்று அதே கார்டில் மளிகையும் மாத்திரையும் வாங்கிக்கொண்டிருந்தேன். பழைய பாக்கி நிற்கிறபோது புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும் என்பது பில்லில் பார்த்த பிறகுதான் உறைத்தது. என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அப்போதுதான் வேறு ஒரு கம்பெனிக்காரர்கள் எங்கள் கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். பழைய கார்டின் பாக்கியை அவர்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு தொகை கட்டணமாகப் பிடிப்பார்கள், மூன்று மாதம் வட்டி கிடையாது. பொடி எழுத்தை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். புரியாததை வெட்கப்படாமல் கேட்டேன். மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்ட வேண்டும், அந்தக் கார்டில் ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது, கடைசித் தேதிக்குள் மொத்தமும் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் மூன்று மாத வட்டியும் ஒன்றாக வந்து விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதினாலாயிரத்துக்கு மேல். ஆனால் ஆகஸ்டில் என் சீட்டை எடுத்துவிட முடியும். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

புதுக் கார்டு வந்ததும் அதை அவருடைய ஆஸ்பத்திரி ஃபைலில், எக்ஸ்ரே உறைக்குள் போட்டு வைத்தேன். எடுக்கப் போனால் அவர் நெஞ்செலும்புதான் முதலில் தெரியும். அதைப் பார்த்த பிறகு யாருக்குக் கடைக்குப் போக மனசு வரும்? நாத்தனார் ஒரு நாள் வந்து, "உங்க கடையிலயே ஒரு ஃப்ரிட்ஜ், உன் கார்டுல தேய்ச்சுக் குடு, மாசா மாசம் குடுத்துடறேன்" என்றாள். எங்கள் பக்கத்தில் கார்டு வைத்திருப்பவள் வீட்டுக்கு இப்படி நாலு பேர் வருவது வழக்கம்தான், பக்கத்து வீட்டில் குழம்பு கேட்கிற மாதிரி. முடியாது என்றேன். காரணம் சொல்லாமல் சொன்னேன், அவர் கடனை அவர் அக்காவுக்கு ஏன் தெரியப்படுத்த வேண்டும் என்று. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அவர் பேச்சு.

திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்தபோது டாக்டர் பகல் ஷிஃப்ட் மட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வருடத்துக்கு நைட் கூடவே கூடாது. ஆனால் நைட்டில் அலவன்ஸ் உண்டு, ஓவர்டைம் உண்டு. சூப்பர்வைசர் ஒரு நாள் நைட்டுக்கு ஆள் இல்லை என்று வாய்விட்டுவிட, அன்றிலிருந்து இவர் அதையே பிடித்துக்கொண்டார். "என் ஒடம்பால வந்த கடன். வட்டி ஒரு ரூபா ஏறினாலும் நான் நைட்டுக்குப் போறேன். சொல்லிட்டேன்" என்பார். சாப்பிடும்போது சொல்வார், குளித்துவிட்டு வரும்போது சொல்வார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே என்று நானும் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவருடைய கம்பெனி ஷூவில் ஒரு ஜோடியை, நைட்டுக்கென்று தடித்த அடியோடு கொடுத்ததை, துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

சீட்டு எங்களுக்கு அரியாங்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அக்காவிடம். புதன்கிழமை சாயங்காலம் ஏலம் கேட்டு, சீட்டுத் தொகையில் நிறையவே தள்ளி எடுத்தேன். அக்கா ரொக்கமாக எண்ணிக் கொடுத்தபோது பேங்க் மூடி நேரமாகியிருந்தது. அடுத்த நாள் சுதந்திர தினம், அதற்கு அடுத்த நாள் எங்கள் பதினாறு. கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி லீவில் விழுந்தால் அடுத்த நாள் வாங்கிக்கொள்வார்கள் இல்லையா, இதுவும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு பேரும் சுவரில் மாட்டிய காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்தோம். பணம் பீரோவில் மீன் வாசனையோடு இருந்தது.

"எவ்ளோ ஏறும்?" என்று அவர் சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அதான் தெரியுமே."

"சரி. சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டுடறேன். இன்னைக்கே நைட்டுக்கு வரேன்னு."

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ. "போங்க! போயி நைட்டே பாருங்க! இத்தன நாள் இதுக்குத்தான காத்துக்கினு இருந்தீங்க" என்று கத்திவிட்டேன். நான் பீரோவைத் திறந்து பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பணம் போடும் மெஷினுக்கு ஸ்கூட்டியை விரட்டினேன்.

அன்றைக்குத்தான் பக்கத்து வீராம்பட்டினத்தில் அம்மன் தேர். ஆடி ஐந்தாம் வெள்ளி. கவர்னர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம், அதனால் போலீஸ் வழியெல்லாம் நின்றது. அரியாங்குப்பம் மெயின் ரோட்டில் மஞ்சள் சேலையும் வேனும் ஷேர் ஆட்டோவும் மோர்ப் பந்தலுமாக நகர இடமில்லை. மெஷின் வாசலுக்குப் போனால் உள்ளே ஒருவர் கையை விரித்தார். இரண்டு நாள் லீவு, கடைக்காரர்கள் எல்லாரும் போட்டுப் போட்டு மெஷின் நிறைந்துவிட்டது. இன்னொன்றில் திரையே வரவில்லை. தெரிந்தவர் யாரிடமாவது ரொக்கத்தைக் கொடுத்து அவர் கணக்கிலிருந்து கட்டச் சொல்லலாம் என்றால், அத்தனை பணம் கணக்கில் வைத்திருக்கும் ஒருவரும் எனக்குத் தெரிந்தவராக இல்லை. வெயிலில் ஸ்கூட்டிமேல் உட்கார்ந்தபடி அழுகை வந்தது. அழ நேரமில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது அவரே ஃபோன் செய்தார். "ஏம்மா, கோட்டக்குப்பம் போ. அது தமிழ்நாடு. அங்க இன்னைக்கு இன்னா லீவு? பேங்க் தொறந்திருக்கும்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். "நான் ஓட்டினு வரட்டா?" என்றார். இந்தக் கூட்டத்தில் இவரை நடுவில் நிறுத்தி வேர்க்க வைக்கவா? "நீங்க ஒன்னும் வர வேணாம், வீட்லயே இருங்க" என்று வைத்துவிட்டேன். அவர் நல்ல யோசனை சொன்னதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஊரே தெற்கே தேருக்கு வருகிறது, நான் ஒருத்தி வடக்கே போகிறேன். பாலத்தைத் தாண்டி, மரப்பாலம் சிக்னலைத் தாண்டி, டவுனில் கடைகளெல்லாம் பாதிக் கதவோடு இருக்க, முத்தியால்பேட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தேன். பையை வயிற்றோடு அணைத்தபடி ஓட்டியதில் கை மரத்துவிட்டது. கோட்டக்குப்பத்தில் எங்கள் பேங்கின் கிளை திறந்திருந்தது. வாசலில் நிற்கும் செக்யூரிட்டியைப் பார்த்துக் கும்பிடாத குறை. உள்ளே போனால் நீளமான வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் வில்லியனூர், அவருக்கு முன்னால் இருந்த அம்மா நெல்லித்தோப்பு. எல்லாம் எங்கள் ஊர் ஜனம்தான்.

கேஷியர் சின்ன வயசுக்காரர். என் கட்டைப் பிரித்து எண்ணும் மெஷினில் வைத்தார். அது நாலு நோட்டு ஓடியதும் நின்றது. எடுத்துத் தட்டி மறுபடி வைத்தார். மறுபடி நின்றது. மீன்கார அக்காவின் நோட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது?"

"மீன் விக்கறவங்க பணம் சார். நல்ல பணம்தான்."

"வெயிட் பண்ணுங்க. பின்னாடி இருக்கறவங்கள அனுப்பிட்டுக் கையால எண்ணறேன். ஜும்மா தொழுகை நேரம், லன்ச்சுக்கு முன்னாடி முடிக்கணும்."

ஓரமாக நின்றேன். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டதும் கவுண்டரை ஒட்டிப் போய் நின்றேன். கேஷியர் சாப்பிடப் போய்விட்டால்? வந்த பிறகு சிஸ்டம் வேலை செய்யாவிட்டால்? "சார், என் வீட்டுக்காரருக்கு ஹார்ட்டு ஆபரேஷன் பண்ண பணம் சார், இன்னைக்குக் கட்டலன்னா அவரு நைட் ஷிஃப்ட் போயிடுவாரு" என்று சொல்லிவிட்டேன். கேட்ட அவருக்கு இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார். "கவுண்டர் க்ளோஸ்டு" பலகையை எடுத்து வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே எண்ண ஆரம்பித்தார்.

இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைத் தனியே எடுத்து வைத்தார். ரொம்ப நைந்திருக்கிறது, இன்னொரு நாள் வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். கட்ட வேண்டிய தொகைக்குச் சரியாக வைத்திருந்தேன், ஆயிரம் குறைந்தது. பர்ஸின் உள் ஜிப்பில் வீட்டுக்காரரின் இந்த மாத மாத்திரைக்கு வைத்திருந்த பணம் இருந்தது. அதிலிருந்து ஆயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். பான் நம்பர் கேட்டார், சொன்னேன். சீல் குத்தினார்.

பணம் என் கணக்கில் ஏறிவிட்டது. இனி அங்கிருந்து கார்டுக்குப் போக வேண்டும். வெளியே வந்து ஒரு ஜூஸ் கடை நிழலில் நின்று ஃபோனில் தொகையைப் போட்டேன். ஓ.டி.பி. வரவில்லை. காத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று காட்டியது. மறுபடி போட்டேன். இந்த முறை ஓ.டி.பி. வந்தது, நான் அடிப்பதற்குள் பக்கம் சுற்ற ஆரம்பித்து நின்றுவிட்டது. பணம் போய்விட்டதா, இருக்கிறதா? கணக்கைப் பார்த்தேன், இருந்தது. கடைக்காரர் கேட்காமலே ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். பச்சை டிக் வந்தது. கீழே சின்ன எழுத்தில், கார்டில் தெரிய இரண்டு வேலை நாள் ஆகலாம் என்று.

அந்த "வேலை நாள்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் கஸ்டமர் கேருக்கு அடித்தேன். பாட்டுப் போட்டார்கள், ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்றார்கள், கடைசியில் ஒரு ஆண் குரல் வந்தது. ரெஃபரன்ஸ் நம்பரைச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, "பேமெண்ட் தேதி இன்னைக்குத்தான் மேடம் எடுத்துக்கும். வட்டி வராது. உங்க பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் முடிஞ்சிடுச்சு" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அப்புறம் அதே மூச்சில், புதிதாக ஒரு லோன் ஆஃபர் இருக்கிறது மேடம் என்றார். நான் வைத்துவிட்டேன்.

வீட்டுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று தரம் அடித்தும் எடுக்கவில்லை. திரும்பி வந்த வழி முழுக்க ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கெட்ட நினைப்பு வந்தது.

வீட்டு வாசலில் அந்த ஷூ இருந்தது. பரண்மேல் நான் சுற்றிப் போட்டது. துடைத்து, பாலிஷ் போட்டு, லேஸை அவிழ்த்து, காலை விடத் தயாராக வைத்திருந்தார். உள்ளே அவர் கம்பெனி நீலச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஃபோன் ஹாலில் சார்ஜில் கிடந்தது.

"இன்னா ஆச்சு?" என்றார்.

"கட்டியாச்சு."

"ஏறிடுச்சா?"

"எல்லாம் ஏறிடுச்சு. வட்டி இல்ல. ஒரு ரூபா இல்ல."

என் ஃபோனை வாங்கி அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தார். தொகையை ஒவ்வொரு எண்ணாக வாய்க்குள் படித்தார். தேதியைப் படித்தார். பிறகு தானாகவே எழுந்துபோய் சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டார். "சார், நைட்டுக்கு வரேன்னு சொன்னேன் இல்ல, வரல சார். நாளைக்கும் இல்ல சார். பகல் மட்டும்தான்." அந்தப் பக்கம் ஏதோ திட்டு விழுந்தது போலிருக்கிறது. இவர் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டார்.

ஃபோனை வைத்துவிட்டு மறுபடி கட்டிலில் உட்கார்ந்து நீலச் சட்டையின் பொத்தானை அவிழ்த்தார்.

"பயமா இருந்துச்சு மா" என்றார். "நைட்டுக்குப் போனா காலையில திரும்பி வர மாட்டன்னே தோணிக்கினு இருந்துச்சு. மெஷின் பக்கத்துல அன்னைக்கு உக்காந்தேன் பாரு, அந்த எடமே கண்ணுல நிக்குது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்பறம் இன்னாத்துக்கு மூணு மாசமா போறேன் போறேன்னு குதிச்சீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ ஒரு தடவையாவது போவாதன்னு சொல்லுவன்னு பாத்தன். நீ டாக்டர் சொன்னாரு, டாக்டர் சொன்னாருன்னே சொன்ன. இன்னைக்குக் காலையில போங்கன்னுட்ட."

மூன்று மாதம் ஒரு தேதியையும் ஒரு தொகையையும் தவிர வேறெதையும் நினைக்கவில்லை நான். அவருக்காகத்தான் நினைத்தேன். ஆனால் அதை அவரிடம் சொல்லவே இல்லை.

"போவாதீங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "எவ்ளோ வட்டி ஏறினாலும் போவாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். நான் வாசலுக்குப் போய் ஷூவை எடுத்துத் துணியில் சுற்றினேன். பரணுக்கு எட்ட ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கூப்பிடாமலே வந்து ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.